கெம்பக்காவின் நம்பர்

பங்குச் சந்தைக்குப் போகிற கம்பெனி, தனக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று தானே எழுதி ஊருக்குச் சொல்லியாக வேண்டும். பணம் போட்டவன் நாளைக்கு வந்து சட்டையைப் பிடிக்கக் கூடாது பாருங்கள். எங்கள் 'பக்கதமனெ' (கன்னடத்தில் பக்கத்து வீடு) கம்பெனியில் அந்த அத்தியாயத்தை எழுத மங்களூரிலிருந்து சம்யுக்தா ஷெணாய் என்ற வக்கீல் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் அவள் எதிரில் போய்த் தன் பயத்தைச் சொல்ல வேண்டும்.

பயத்துக்கா பஞ்சம்? தேடுபொறிக்காரர்கள் விதியை மாற்றிவிட்டால் நம் பக்கம் யார் கண்ணிலும் படாது என்றார் ஒருவர். பெரிய விளம்பரதாரர்கள் கைவிட்டால் என்றார் இன்னொருவர். அரசு தகவல் சட்டத்தை இறுக்கும், ஹேக்கர் புகுவான், பெள்ளந்தூர் வெள்ளத்தில் ஆபீஸ் மூழ்கும் என்று ஆளுக்கொன்று. விற்பனைப் பிரிவின் நிதின் உலகப் போர் வரைக்கும் போய்விட்டான். எல்லாம் வெளியிலிருந்து நம் தலையில் வந்து விழுகிற ஆபத்து. நம்மால் பிறர் தலையில் விழுகிற ஆபத்தைப் பற்றி ஒரு வாய் திறக்கவில்லை.

என் முறை மதியம். அன்று காலையில்தான் கெம்பக்கா வந்தாள்.

அதற்கு முன் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். பிளம்பர், பல் டாக்டர், ஆம்புலன்ஸ், எது வேண்டுமானாலும் எங்கள் ஆப்பில் தேடலாம். ஆனால் அங்கே தெரிகிற போன் நம்பர் அவர்களுடையது அல்ல, எங்களுடையது. நீங்கள் அழைத்தால் அது எங்கள் வழியாக அவர்கள் போனுக்குப் போகும். இத்தனை அழைப்பு வாங்கிக் கொடுத்தோம் என்று காட்டினால்தானே சந்தா கேட்க முடியும்? சந்தாவை நிறுத்தினால் நம்பர் கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். பிறகு அதே ஊரில் அதே தொழில் செய்கிற இன்னொருவருக்குப் போய்விடும். ஜனங்களுக்குப் பழகிய நம்பர் என்பதால் அதற்குக் கூடுதல் விலை. இந்த யோசனையைச் சொன்னவனுக்குக் கம்பெனி ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். நம்பர்களைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவி நான். ஆம்புலன்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமாவது இது வேண்டாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "துங்கா மறுபடி ஆரம்பிச்சுட்டா" என்று சிரிப்பார்கள்.

காலையில் ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. முன்கண்ணாடி நொறுங்கி, அந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. ஓட்டுநர் சீட்டில் கனத்த உடம்போடு ஒரு பெண், காக்கிச் சட்டை, நெற்றியில் பெரிய குங்குமம். வாட்ச்மேன் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"எடுக்கறேண்டா தம்பி, எடுக்கறேன். உங்க ஆபீஸ்ல நம்பர் எடுக்கற மகராசி யாரு? அவளை வரச் சொல்லு, எடுக்கறேன்."

அந்த மகராசி நான்தான். போய் நின்றேன்.

"நீயாம்மா? படிச்ச பொண்ணாட்டம் இருக்க. எங்க ஊரு குணிகல்ல என் வண்டிய கேட்டுப் பாரு, கெம்பக்கா வண்டின்னா தெரியாதவங்க கிடையாது. வண்டி மேல உங்க நம்பர், ஆஸ்பத்திரி சுவர்ல உங்க நம்பர், பால் டிப்போவுல உங்க நம்பர். நான்தான் பெயின்ட் வாங்கி எழுதினேன். சந்தா கட்டல, சரி, ஆப்புல இருந்து என்னைத் தூக்கிடு. சுவத்துல இருக்கற நம்பர அடுத்தவனுக்கு வித்துட்டா நான் சுவத்த இடிக்கவா?"

"கண்ணாடி எப்படிக்கா உடைஞ்சுது?"

அவள் கையால் ஸ்டியரிங்கைத் தடவினாள்.

"டைலர் நஞ்சுண்டப்பா. என் ஜாக்கெட்டெல்லாம் அவர்தான் தைப்பாரு. நெஞ்சு வலின்னு மகன் அந்த நம்பருக்கு அடிச்சிருக்கான். இதோ வரேன்னு சொல்லியிருக்காங்க. மனுஷன் வாசல்லயே உக்காந்து பாத்திருக்காரு. கெம்பி வந்துடுவா, கெம்பி வந்துடுவான்னு சொல்லிட்டே போயிட்டாரு. நான் ரெண்டு தெரு தள்ளி டீ குடிச்சிட்டிருந்தேன்மா. மகன் கல்லை எடுத்து அடிச்சான். அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. வரேன்னு சொல்லிட்டு வராதவ மேல நானாயிருந்தாலும் கல்லெறிவேன்."

மதியம் வரும் என் முறைக்காகக் காத்திருக்கவில்லை. கெம்பக்காவைக் கையைப் பிடித்து நேராகக் கூட்ட அறைக்கு அழைத்துப் போனேன். வக்கீலோடு எங்கள் முதலாளி தீரஜ் புராணிக்கும் இருந்தார். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் ஒரே குடும்பம், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

"தீரஜ், என் ஆபத்தைச் சொல்ல வந்திருக்கேன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகத்தில் வருத்தம் வந்தது. நல்ல பயிற்சி அவருக்கு.

"ரொம்பக் கஷ்டமா இருக்கு அக்கா. ஒண்ணு பண்ணலாம். கோல்டு பிளான் எடுத்துக்கங்க, முதல் மூணு மாசம் இலவசம். நம்பர் திரும்ப உங்களுக்கே."

"ஏன் சாமி, செத்தவருக்கு எத்தனை மாசம் இலவசம்?" என்றாள் கெம்பக்கா.

தீரஜ் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நம்பரை வாங்கின அந்த ஆளும் ஆம்புலன்ஸ்தானே வெச்சிருக்கான் துங்கா? கூப்பிட்டவங்களுக்கு ஆம்புலன்ஸ் கிடைச்சிருக்கும். லேட் ஆனது டிராஃபிக். இதுல நம்ம தப்பு எங்க?"

பேசிப் புண்ணியமில்லை. என் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பரை அழைத்தேன்.

மணி அடிக்கவில்லை. முதலில் பாட்டு வந்தது. பிறகு கொஞ்சும் குரலில் ஒரு பெண், துமகூரு சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சொன்னாள். ஏ.சி. உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. அழைப்பு போய்ச் சேருகிற இடைவெளியையும் விளம்பரத்துக்கு விற்றிருந்தோம். போன மாதம்தான் அதற்குக் கேக் வெட்டினோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரின் மகன் காதில் வைத்திருந்த போனிலும் இந்த மண்டபம்தான் முதலில் வந்திருக்கும். வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கடைசியில் ஒருவன் எடுத்தான்.

"கெம்பக்கா வண்டிங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாமா, கெம்பக்கா வண்டிதான். சொல்லுங்க."

"அப்பாவுக்கு நெஞ்சு வலி. குணிகல் பேட்டை."

"பயப்படாதீங்க, இதோ பக்கத்துலதான் இருக்கோம். முதல்ல ஒரு லிங்க் வரும், அதுல அட்வான்ஸ் போட்டுடுங்க. போட்டதும் கெம்பக்காவ அனுப்பறேன்."

கெம்பக்கா மேஜை மேல் குனிந்தாள். "எந்தக் கெம்பக்காவடா அனுப்புவ, நாயே? நான் இங்கல்ல நிக்கறேன்!"

அழைப்பு அறுந்தது.

"அவனுக்கு எப்படி என் பேரு தெரியும்?" என்று கேட்டாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு இன்னாரிடம் இருந்த நம்பருக்கு வந்த அழைப்பு இது என்று எங்கள் ஆப்பே அவன் திரையில் காட்டும். அதுவும் அவன் கட்டுகிற சந்தாவில் அடக்கம்.

சம்யுக்தா தீரஜைப் பார்த்தாள். "இதை எழுதணும்."

"எழுதலாமே. சில நேரம் வாடிக்கையாளர்களுக்குச் சிரமம் ஏற்படலாம்னு ஒரு வரி போடுங்க." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "துங்கா, இவங்களை கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போ. சாப்பிட்டிருக்க மாட்டாங்க."

சிரமமாம்! நஞ்சுண்டப்பாவுக்குச் சிரமம் ஏற்பட்டதாம்! என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மடிக்கணினியைத் திறந்தேன். நம்பரை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றுகிற அதிகாரம் என் கையில் இருந்தது, யாரும் அதுவரை அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் அந்த நம்பரைக் கெம்பக்காவின் சொந்தப் போனுக்குத் திருப்பினேன். மண்டப விளம்பரத்தை எடுத்தேன். சந்தா என்ற இடத்தில் வேண்டாம் என்று குறித்தேன்.

"அவன் காசு கட்டின சந்தாதாரர், துங்கா! என்ன பண்றே நீ?"

"வேலை பண்றேன் தீரஜ். நம்பர் பிரிவு வேலை."

என்னை அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். குடும்பத்திலிருந்து ஆளை அனுப்ப ஒரு மின்னஞ்சல் போதுமாக இருந்தது. நம்பரையும் திருப்பிப் பிடுங்கியிருப்பார்கள். ஆனால் அதைத் தொட்டால் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சம்யுக்தா சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளால் முடிந்தது அவ்வளவு. சத்தம் போட்ட ஒரு நம்பர் பிழைத்தது. சத்தம் போடத் தெரியாத மற்ற நம்பர்கள் எல்லாம் இன்றைக்கும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அறிக்கை வெளிவந்தது. ஆபத்துகள் அத்தியாயம் முழுவதும் படித்தேன். தேடுபொறி இருந்தது, ஹேக்கர் இருந்தான், வெள்ளம் இருந்தது, நிதினின் போரும் இருந்தது. நம்பர் கை மாறுவதைப் பற்றி, அந்தச் 'சிரமம்' என்ற வார்த்தைகூட இல்லை. ஆனால் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. எங்கள் கணினி அமைப்புகளைத் தொடும் உரிமையுள்ள ஊழியர்கள் சிலர் உணர்ச்சிவசப்பட்டு அதைத் தவறாகப் பயன்படுத்தினால் எங்கள் வருமானமும் நற்பெயரும் பாதிக்கப்படலாம்.

கெம்பக்காவுக்குப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினேன்.

"இரு, இரு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஆபத்து நீயா?"

"ஆமாக்கா. அச்சடிச்சே போட்டுட்டாங்க."

"டைலரு?"

"அவர் இல்லக்கா. எங்கேயும் இல்ல."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நடுவில் குறுக்கே வேறொரு அழைப்பு மணி கேட்டது.

"துங்கா, போன வை. யாரோ அடிக்கறாங்க."

வைத்துவிட்டேன்.