மதியத்தில் தூங்கும் பக்கம்

தைவானின் தாய்னான் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், தீப்பெட்டி அளவுக் கணினி ஒன்றில் என் வலைப்பக்கம் ஓடுகிறது. படம் கிடையாது, விளம்பரம் கிடையாது, வெறும் எழுத்து. படிப்பவர்கள் பதினோரு பேர்.

அதில் ஒருவர் எழுதினார்: "தினமும் மதியம் பக்கத்தை மூடித் தூங்க வைக்கிறீங்களே, என்னா கொள்கை! நானும் என் பக்கத்தை மூட ஆரம்பிச்சுட்டேன்."

ஒரே வாரத்தில் ஏழு பேர் தங்கள் பக்கங்களை மதியத்தில் மூடினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் நான் எங்கே மூடினேன்?

மறுநாள் லீவு போட்டுக் காவல் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு என் கணவர் ஜுன்ஹோங் வந்தார், கணினியின் பிளக்கைப் பிடுங்கினார், அரிசிக் குக்கரைச் செருகினார்.

"ஏங்க! அது என் பக்கம்ங்க!"

"அப்ப சோத்தை எங்க வடிக்கிறது? உன் பதினோரு பேர் தலையிலயா?"

குக்கரைப் பிடுங்கிக் கணினியை மறுபடி செருகிவிட்டு, கோபத்தில் கடை நூடுல்ஸ் வாங்கி வந்தேன். அன்று மதியம் பக்கம் விழித்தே இருந்தது. அரை மணி நேரத்தில் பதினோரு மடல்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: "இன்னிக்குத் தூங்கலையா? உடம்புக்கு என்னாச்சு?"

ஜுன்ஹோங் வாயில் நூடுல்ஸ் தொங்கப் பார்த்துக்கொண்டிருக்க, நானே எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.