பார்த்ததும் தெரிந்தது

போன் வந்தபோது ஃபரீஹா வகுப்பில் இருந்தாள். கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவள். அன்றைய பாடம் உள்ளுணர்வு. காரணங்களை அடுக்கிப் படிப்படியாகப் போய்ச் சேருவது அனுமானம். நடுவில் படியே இல்லாமல் அறிவுக்குப் பளிச்சென்று விளங்குவதைத்தான் பகுத்தறிவுவாதத் தத்துவவாதிகள் உள்ளுணர்வு என்றார்கள். அனுபவத்தில் தோன்றுவதை ஆராயும் நிகழ்வியல்காரர்களோ, ஒரு பொருள் தானே நேரில் வந்து நம் முன்னால் நிற்பதை அப்படி அழைத்தார்கள். "ரெண்டு பேருமே சும்மா மனசுல பட்டதைச் சொல்லலை" என்று அவள் முடிக்கும்போது மேசையில் போன் அதிர்ந்தது.

சேதராப்பட்டு சாலையில் விபத்து. வண்டி அவள் தம்பி அதீபுடையது. இறந்தவன் போட்டிருந்த ஜெர்கின் பையில் அதீபின் லைசென்ஸ் இருந்தது.

மருத்துவமனை வாசலில் அம்மா கனீஸ் பாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அவன் இல்லடி. எம் மனசு சொல்லுது."

ஃபரீஹாவுக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி, லைசென்ஸ், எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்காத போன். எல்லாம் ஒரே விடைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. வரும் வழியிலேயே அவள் தம்பியை இழந்துவிட்டிருந்தாள்.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். தலையில் கட்டு. முகம் வீங்கிக் கிடந்தது. அதே உயரம், அதே ஒல்லி உடம்பு. அதீப் இல்லை.

"இது அவன் இல்லை" என்றாள்.

ஏட்டு விஜயராகவன் பொறுமையாகப் பேசினார். "அடிபட்டா முகம் அப்படித்தான் மாறிடும் மேடம். எத வச்சி இல்லன்றீங்க? மச்சம், தழும்பு ஏதாவது?"

"எதையும் வச்சி சொல்லலை. இவன் என் தம்பி இல்லை."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆசை கண்ணை மறைக்கிறதோ? இதுதான் அதீப் என்று வேண்டுமென்றே நினைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த நினைப்பு உடம்பின்மேல் ஒட்டவே இல்லை. யாரோ ஒரு பையன் கிடந்தான். அடையாளம் காட்டியதாகக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மதியத்துக்கு மேல் அதீபே கூப்பிட்டான். அவன் வேலை செய்யும் கம்பெனிக்குள் போனை விடமாட்டார்கள். "ஏங்க்கா இத்தனை மிஸ்டு கால்? எங்கூட வேல செய்ற ராஜா நைட் ஷிப்ட் முடிஞ்சி என் வண்டிய எடுத்துனு போனான். என் ஜெர்கினையும் போட்டுனு போனான். இன்னும் ஆளக் காணோம்."

தம்பியின் குரலைக் கேட்ட மகிழ்ச்சியை அவளால் மறைக்க முடியவில்லை. அதே மூச்சில் மற்றதையும் சொல்லவேண்டியிருந்தது. "அவங்கப்பாவ நானே கூட்டினு வரேன்" என்றான் அதீப்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

"அவனாவே இருந்திருந்தா?"

அம்மா சற்று யோசித்தாள். "அப்பவும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

மாலையில் ராஜாவின் அப்பா கலியபெருமாள், வேட்டியில் கழனிச் சேற்றோடு அதீபுடன் வந்தார். துணியை முழுதும் விலக்குமுன்பே, பாதங்களைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபரீஹா அம்மாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.