குணாளன் தெற்கே போன வழி

இறந்த பதினாறாம் நாள் கருமாதிப் படையலுக்கு வந்து சேர வேண்டிய குணாளன், ஜோகூர் மாநிலத்து லாயாங் லாயாங்கில் இருக்கும் தம் வீட்டுக்கு வராமல், கோத்தா திங்கியில் கபீரின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தலைவாழை இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைத்து, கதவையும் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் இறந்தவர்கள் அன்றைக்கு ஒரு நடை வந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தெற்கே போய்விடுவது வழக்கம். பொழுது இறங்கும்வரை சோறு ஆறிக்கொண்டே இருந்தது. கபீரின் கடைக்கு வாரந்தோறும் முட்டை இறக்கியவர் குணாளன்தான் என்பதால், கபீரின் மனைவி மீரா பீவியிடம் அவர் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்க கடையிலதான் இருக்காரு. வீட்டுக்கு வழி தெரியலையாம். பால் ஊத்தாம தே ஓ வெச்சேன், குடிக்காம பாத்துக்கிட்டே இருக்காரு" என்றாள். அவர் வந்ததில் மனைவி சந்திரமதிக்கு வியப்பில்லை, வழி தெரியாமல் போனதிலும் வியப்பில்லை. அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது.

உயிரோடு இருந்த காலத்திலேயே அவருக்குத் திசை பிடிபட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பிழைப்போ, சிம்பாங் ரெங்கம் கோழிப் பண்ணையிலிருந்து ஊர் ஊராக முட்டை ஏற்றிப் போவது. கல்யாணமான புதிதில் சந்திரமதிதான் லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வாள். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி வந்ததும் உள்ளே வளைங்க, சீனர் சவப்பெட்டிக் கடை தாண்டினதும் மெதுவாப் போங்க என்பாள். வழி சொல்லும் சாக்கில் அந்தந்த வீட்டுச் சண்டையையும் சொல்வாள், அவர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓட்டுவார். பிறகு கைப்பேசி வந்தது. அதற்குள் இருந்து ஒரு மலாய்க்காரி 'பெலோக் கிரி' என்று இடப்பக்கமும் 'பெலோக் கானான்' என்று வலப்பக்கமும் திருப்பிவிட்டாள். கோத்தா திங்கியில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று இவள் இடது என்றாள், அவள் வலது என்றாள். குணாளன் பெண்டாட்டி பேச்சைக் கேட்டார். வண்டி செம்பனைக் காட்டுக்குள் போய், வெள்ளம் அரித்த பாதையில் புதைந்து, தாலி கட்டிப் பந்தியும் முடிந்த பிறகுதான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். "இனிமே நீ வாயத் தொறக்காத லா, அதுவே சொல்லட்டும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது ஆறியிருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து அவள் வண்டியில் வாய் திறக்கவில்லை. சொல்லப் போகாத வழியைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று ரோட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். தண்ணீர்த் தொட்டியை இடித்ததும், சவப்பெட்டிக் கடை இருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வந்ததும் இருவருக்குமே தெரியாது. ஊரே அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. அடுத்த தெரு அய்யாவு வாத்தியார் ஒருநாள் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோய், சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு அது யார் வீடு என்று விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் தத்தம் வீட்டைப் பற்றி உள்ளூரப் பயம் இருந்தது. அந்தக் காலத்தில்தான் குணாளன் பண்ணை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் ஹேமநாதன், வீண் செலவு எதற்கு என்று அப்பாவின் கைப்பேசி எண்ணை மறுநாளே ரத்து செய்துவிட்டான்.

தாயும் மகனும் கபீரின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஹேமநாதன் தன் கைப்பேசியை அப்பாவின் கையில் கொடுத்துப் பார்த்தான். அதில் கடை தெரிந்தது, ஆறு தெரிந்தது, அவர் இருந்த இடத்தில் மட்டும் நீலப் புள்ளி தெரியவில்லை. கருமாதி செய்த பண்டாரத்தைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். பொழுது இறங்கிவிட்டால் வீட்டு வாசல் அவருக்குக் கிடையாது, மிதித்தால் போகவே முடியாமல் அங்கேயே தேய்ந்து நிற்பார், இருக்கிற இடத்திலேயே சோற்றைப் போட்டுத் தெற்கே அனுப்புங்கள், திசையை மட்டும் வீட்டுக்காரி வாயால் சொல்ல வேண்டும் என்றார் அவர். மீரா பீவி இலை நறுக்கித் தந்தாள். குணாளன் சாப்பிட்டுவிட்டு எழுந்து, "சந்திரா, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். எத்தனையோ வருடம் கழித்து அவர் அவளிடம் வழி கேட்கிறார். தெற்கு எது என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கையை நீட்டி, "அந்தாண்ட, நேராப் போங்க" என்றாள். அவள் காட்டியது வடக்கு. ஹேமநாதன் கைப்பேசியில் அதைப் பார்த்தான். பார்த்தும், அப்பாவின் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லாமல் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்த மாதம் வடக்கே மெர்சிங்கில், தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒரு நாசி லெமாக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. உங்க வீட்டுக்காரர் பேசணுங்கிறார் என்று கடைக்காரர் போனைக் கொடுத்தார். பக்கத்துல என்ன தெரியுது என்று அவள் கேட்பாள், கடல் தெரியுது, கருவாடு காயப் போட்டிருக்காங்க என்று அவர் சொல்வார். நேராவே போங்க என்பாள் அவள். பிறகு எண்டாவ், பிறகு ரொம்பின். கருவாட்டில் தொடங்கிக் கல்யாணமான புதிதில் பேசியதையெல்லாம் பேசினார்கள். சந்திரமதி சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. வெளியூர் வேலைக்குப் போனவரை விசாரிப்பதுபோல, குணாளன் இப்ப எந்த ஊருல இருக்காரு என்று பக்கத்து வீட்டுப் பிரேமலா கேட்பாள், இவளும் ஊரைச் சொல்வாள்.

தீபாவளிக்கு வந்த ஹேமநாதன் உண்மையைச் சொல்லி அழுதான். அதற்குப் பிறகும் இரண்டு அழைப்புகளுக்கு அவள் நேராவே போங்க என்றுதான் சொன்னாள். தெற்கே திரும்பினால் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார், அப்புறம் போன் வராது. ஆசை யாரை விட்டது? குவாந்தானிலிருந்து கூப்பிட்டபோது அவர் குரல் மெலிந்திருந்தது. நடந்து நடந்து முழங்கால் வரை தேய்ந்துவிட்டது என்றார், கடைக்காரர் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாராம். "அசதியா இருக்கு சந்திரா. இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்றார். அன்று அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும் வெளியே போய் வெயில் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாள், கொடியில் எந்தப் பக்கத்துத் துணி முதலில் காய்கிறது என்று பார்த்தாள், ஊருக்குள் நடந்து நடந்து தெற்கைத் தன் உடம்புக்குப் பழக்கினாள். அடுத்த அழைப்பில், "ஏங்க, திரும்பிடுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். செகாமாட்டுக்குப் போயி ரயில் பாதையப் புடிங்க. காலை வெயில் இடது கன்னத்துல படணும்" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி என்றார்.

செகாமாட்டிலிருந்து வரும் தண்டவாளம் லாயாங் லாயாங் வழியாகத்தான் தெற்கே போகிறது. வழியில் வந்த அழைப்புகளால் அவர் வரும் நாள் அவளுக்குத் தெரிந்திருந்தது. தண்டவாள வேலியோரம் சோற்றுடன் நின்றாள். இடுப்பளவு உயரத்தில் குணாளன் வந்து, சாப்பிட்டு, கை கழுவி, "வீடு வந்துடுச்சா?" என்று கேட்டார். அவளுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் வீட்டுக் கூரை தெரிந்தது. அவள் அதை மறைத்தபடி நகர்ந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்சந்தாங்க. நேராப் போங்க."

"நீ வரல?"

"பின்னாலயே வர்றேன்."

அவர் நடந்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் சிங்கப்பூருக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலில் நின்ற ஹேமநாதன், முழங்கால் உயரத்தில் ஒருவர் வண்டிகளுக்கு நடுவே போவதைப் பார்த்தான். குடிநுழைவுச் சோதனையில் யாரும் அவரை நிறுத்தவில்லை. அவன் தன் வண்டியை ஒதுக்கி வழிவிட்டு, வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன் போட்டான்.

"அப்பா யாரையும் வழி கேக்கலம்மா. நேராத்தான் போனாரு."

"திரும்பிப் பார்த்தாரா?" என்று கேட்டாள் சந்திரமதி.

"பார்த்தாரும்மா. ரெண்டு மூணு தடவ நின்னு பார்த்தாரு. அப்புறம் போயிட்டாரு."