கும்ஹி கேட்ட கேள்வி

கும்ஹி அக்காவிடம் வரும் பிள்ளைகளை வேறு எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடம் விரட்டியவர்கள், வீட்டை விட்டு ஓடியவர்கள், நீதிமன்றம் அனுப்பிவைத்தவர்கள். கங்வோன் மாகாணக் கடலோரத்தில் பைன் காடு எரிந்து மொட்டையாகக் கிடந்த மலையில், அவர்களைக் கொண்டே ஓக் கன்றுகளை நட்டு ஒரு காட்டை வளர்த்துவிட்டார். அவருடைய இளமை முழுக்க அதற்கே போயிற்று. நான் அவர் நடத்தும் அமைப்பின் வேன் ஓட்டுநர்.

“உன்னைப் பத்தி யாரு என்ன சொன்னாலும் நான் காதுல போட்டுக்க மாட்டேன்” என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுவார். அப்படித்தான் நடந்தும்கொண்டார்.

சோல்மின் பக்கத்து வீட்டுக் கிடங்குக்குத் தீ வைத்துவிட்டு வந்தவன். அப்போது பள்ளிக்கூடப் பையன். வந்த புதிதில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிறகு மலையை விட்டு இறங்கவே மறுத்தான். வளர்ந்து ஆளாகி நாற்றங்காலுக்கே பொறுப்பாளன் ஆனான். வெளியூர்க் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் கும்ஹி அவனைப் பற்றிச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கியதில்லை.

ஏப்ரலில் இங்கே மலையிலிருந்து கடலைப் பார்த்து ஒரு வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றில்தான் காட்டில் தீ பிடித்தது. பிள்ளைகளை வேனில் அள்ளிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். சோல்மின் மட்டும் இல்லை.

ஊர்த்தலைவர் பியோன் எங்களைத் தேடி வந்தார். தீ நாற்றங்கால் பக்கமிருந்துதான் கிளம்பியதாம். அங்கே யார் இருந்தது என்று கேட்டார். கும்ஹி சோல்மினின் பெயரைச் சொன்னார். “ஓ, அவனா” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கும்ஹி போன் போட்டார். சோல்மின் எடுத்தான்.

“எங்கடா இருக்க?”

“நாற்றங்கால்லதான்க்கா. மோட்டார் ஓடுது, நனைச்சுட்டே இருக்கேன்.”

“காடு போனாப் போகுது. நீ இறங்கு.”

“இது போச்சுன்னா எனக்கு என்னக்கா இருக்கு?”

கும்ஹி ஊர்த்தலைவரைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“சோல்மின்... நீயாடா?”

மோட்டார் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துபோனது. திரும்பத் திரும்ப அடித்தும் அவன் எடுக்கவில்லை.

கும்ஹி மலையை நோக்கி ஓடினார். தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. தார்ச்சாலையில் உட்கார்ந்தவர் எழவில்லை. இருட்டும் நேரத்தில் சோல்மின் தானாகவே இறங்கி வந்தான். இரண்டு கையும் வெந்திருந்தன. எங்களைத் தாண்டிப்போய் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டான். நாற்றங்கால் போனது, காடும் போனது.

மின்கம்பி ஒன்று காற்றில் அறுந்து சருகில் விழுந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஊர்த்தலைவர் பழச்சாறு பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று சோல்மின் சாதாரணமாகச் சொன்னான். கும்ஹி போனபோதோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தினமும் போனார். ஒருநாள் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்.

“ஊரே கேட்கும்னு தெரியும்க்கா. அதுக்கு நான் தயாராத்தான் இருந்தேன். நீங்க கேட்பீங்கன்னு நினைக்கல.”

கும்ஹி எழுந்து வெளியே வந்தார். வேனில் ஏறியதும் முன்பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஊர் வரும்வரை நிமிரவில்லை.

கட்டுப் பிரித்ததும் சோல்மின் துறைமுகத்துக்குப் போய்க் கணவாய் மீன் பிடிக்கும் படகில் சேர்ந்துவிட்டான். மலைப்பக்கம் திரும்பவில்லை. கும்ஹி அமைப்பையே மூடிவிடுவார் என்று நினைத்தேன். இலையுதிர்காலத்தில் நீதிமன்றம் புதிதாகச் சில பிள்ளைகளை அனுப்பியது. கருகிய மலையடியில் அவர்களை உட்காரவைத்து, வழக்கமாகச் சொல்வதை விட்டுவிட்டு, சோல்மினிடம் தான் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“நானும் சந்தேகப்பட்டவதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கிறதா இருந்தா இருங்க.”

ஒரு பெண் எழுந்து பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். கும்ஹி அவளைத் தடுக்கவில்லை. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.