கூம் கொடுத்த பை

பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனிலிருந்து கடப்பாரை போட்டுப் பெயர்த்த கட்டியை யாரோ ஆய்வுக்கூட மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாட்டில் கண்ணாடி உருகி உறைந்த மாதிரி கரும்பச்சையாக இருந்தது. ரட்மிலா அதைத் தொடவில்லை. போன வாரம்வரை அது கோதுமை வைக்கோல். ‘சாம்பல் உருகாது, எரிக்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இப்போது கொதிகலன் அடைத்துக்கொண்டு, ஜனவரிக் குளிரில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. பத்து மணிக்கு நிர்வாகக் குழு அவளை வரச்சொல்லியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷ வேலை இன்றோடு போனாலும் போகும்.

வைக்கோல் விற்றவன் ஜிவான், அவளுடைய கூம். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், மகளுக்கு நெவேனா என்று பெயர் வைத்தவன். இருவரும் ஒருவரையொருவர் ‘கூம்’ என்றே கூப்பிடுவார்கள். இந்த ஊரில் கூடப்பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போவார்கள், கூமிடம் முகம் சுளிக்க மாட்டார்கள். விதிப்படி ஆய்வுக்கூடத்து ஆள் நேரில் போய், வைக்கோல்போரின் நாலு பக்கமும் கைவிட்டு மாதிரி உருவ வேண்டும். ஆகஸ்டில் அவனே ஒரு பையைக் கொண்டுவந்து நீட்டினான். கூமிடம் போய், ‘இரு, நான் வந்து உன் போரைக் கிளறிப் பார்க்கிறேன்’ என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? வாங்கிக்கொண்டாள். படிவத்தில் ‘மாதிரி எடுத்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். மடச்சி!

இன்று விடிந்ததும் கொதிகலன் அறையில் மிச்சமிருந்த வைக்கோல் கட்டு ஒன்றிலிருந்து ஒரு பிடி உருவி வந்தாள். பளிச்சென்ற மஞ்சள். அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த ஜிவானின் பையில் இருந்ததோ பழுப்பு. வாரக்கணக்கில் மழையில் ஊறி, உப்பெல்லாம் மண்ணுக்கே போய்விட்ட வைக்கோல். இரண்டையும் அரைத்து, சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும் கருவியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். முதலில் ஈரம் போனது, இரண்டிலும் ஒரே மாதிரி. அப்புறம் பழுப்பு முந்நூற்றைம்பது டிகிரிவரை தாக்குப்பிடித்து, ஒரேயடியாக எடை இழந்தது. மஞ்சள் முந்நூறைத் தொட்டதுமே சரிந்துவிட்டது. உப்பு இருந்தால் வைக்கோல் சீக்கிரம் உடையும், சாம்பல் உருகி ஒட்டிக்கொள்ளும். இது ஜிவானுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவளேதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒன்பதரைக்கு அவனே வந்தான், கையில் பிளம் சாராயப் பாட்டிலோடு.

“கூமே, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? மெஷின் தப்பா காட்டிருச்சுன்னு சொல்லிரு. மெஷினை என்ன, தூக்குலயா போடப்போறாங்க?”

“பையில எந்த வைக்கோலைக் கொண்டாந்த?”

“என் வயல் வைக்கோல்தான்.”

“எந்த மூலைன்னு கேக்கறேன்.”

அவன் பாட்டில் மூடியைத் திருகினான். “கால்வாய் ஓரம் நனைஞ்சு கிடந்தது. அதுவும் என் வயல்தானே? நீ வந்து பாத்திருக்கலாமே, நான் வேணாம்னா சொன்னேன்?”

“உன்னை நம்பித்தான் வரலை, ஜிவான்.”

“அதான் சொல்றேன். என் பேரை எடுத்தா, நீ பொய்யா எழுதினதும் வெளிய வரும். உன் நல்லதுக்குத்தான்.”

நம்பவைத்துக் கழுத்தறுத்தது போதாதென்று, கத்தியைத் துடைக்க அவள் கைக்குட்டையையே கேட்கிறான்! அவன் இரண்டு சின்னக் கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் படிவத்தை எடுத்து விரித்தாள். தன் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினாள்: ‘ஜிவான் கொண்டுவந்து கொடுத்தது. நான் போகவில்லை.’

“கூமே...” என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது.

காலையில் இரண்டு வைக்கோலையும் தொள்ளாயிரம் டிகிரி உலையில் எரித்தெடுத்த பீங்கான் கிண்ணங்கள் ஆறியிருந்தன. பழுப்பு வைக்கோலின் கிண்ணத்தைப் படிவத்தின்மேல் சாய்த்தாள். வெளுத்த சாம்பல் மாவு மாதிரி கொட்டி, அடித்த பெயரை மூடியது. மஞ்சள் வைக்கோலின் கிண்ணத்தை அவன் கிளாசுக்கு மேலே தலைகீழாகப் பிடித்து, விரலால் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். ஒரு துகள்கூட விழவில்லை.