மஞ்சள் சீட்டுகள்

என் மனைவி கனகலட்சுமியின் குரல் போன பிறகு எங்கள் வீட்டில் அதிகம் பேசியவன் நான்தான். அதற்கு முந்திய இருபத்தெட்டு வருடங்களும் அவள் பேசினாள், நான் "ம்" சொன்னேன். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எழுதிக் காட்டுவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு சிலேட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். வாடிப்பட்டிக்கு வந்த அன்றே அவள் அதை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸானவள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் பத்து வருடம் வேலை பார்த்தவள். விண்டோஸில், திரையிலேயே மஞ்சள் சீட்டுகளை ஒட்டிவைப்பதற்கு ஒரு வசதி உண்டு. அதில்தான் அவள் பேசினாள். எதையும் சேமிக்க வேண்டியதில்லை, அடித்தது அப்படியே நிற்கும். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாசித்து, வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் பழக்கதோஷத்தில் "ம்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடித்தாள்: "உம் கொட்டாதீங்க. இம்புட்டு நாள் நான் பேசியாச்சு, இனி உங்க முறை." இன்னொரு நாள்: "ரசம் வைக்கத் தெரியலைன்னா கேளுங்க. இஷ்டத்துக்குப் புளியக் கரைக்காதீங்க."

பதினாலு மாதம் இப்படிப் பேசினோம். இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகு அவள் எழுதிய சில சீட்டுகள் புருஷன் மட்டுமே வாசிக்க வேண்டியவை. வேறு சில, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் திவ்யாவுக்கு. அவற்றை இப்போது காட்ட வேண்டாம், தாங்க மாட்டாள், ஒரு வருடம் போகட்டும் என்று எனக்குத் தனியாக எழுதியிருந்தாள்.

ஆவணியில் போய்விட்டாள். அதன் பிறகு தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு சீட்டை வாசிப்பேன். ஆள் இருந்தபோது சொன்ன பதிலையே திரும்பச் சொல்வேன். சில நாள் பதிலை மாற்றியும் சொன்னேன். அவளுடைய சேலைகளைக்கூடச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முடிந்தது. சீட்டுகள் வேறு.

ஐப்பசியில், இந்த விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று திரையில் அறிவிப்பு வரத் தொடங்கியது. புதியதை ஏற்கிற தெம்பு எங்கள் பழைய மிஷினுக்கு இல்லை. விண்டோஸை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னாள் திவ்யா. ஃபோட்டோக்களை மட்டும் முதலில் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள். சீட்டுகளைப் பற்றி அவளுக்குத் தெரியாது. அவற்றை எப்படி எடுப்பது என்று என்னாலும் கேட்க முடியவில்லை.

ஃபோட்டோக்களை எடுத்தேன். பிறகு திரையின் ஓரத்தில், அழுத்தினால் சீட்டுகள் திறக்கிற அந்தச் சின்ன மஞ்சள் படத்தையும் பென்டிரைவுக்கு நகல் எடுத்தேன். எனக்குச் சந்தேகம் விடவில்லை. பென்டிரைவுக்குள் போய் அதை அழுத்திப் பார்த்தேன். அத்தனை சீட்டும் வரிசையாகத் திறந்தன. பென்டிரைவைக் கழற்றி மாட்டி, இன்னொரு தடவையும் பார்த்தேன். திறந்தன. நிம்மதியாக இருந்தது.

கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்புவதற்கு முன் திரையில் நின்ற சீட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன். கடையில் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் கண்ணில் அவை படக் கூடாது. பிறகு மிஷினை அரிசிப் பைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆரப்பாளையத்தில் பாண்டிராஜின் கடை. நாற்பது வயது, கலகலப்பான ஆள். லினக்ஸ் போட்டால் வைரஸ்கூட வழி தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று சிரித்தான். மிஷினைத் தன் மானிட்டரில் மாட்டித் திறந்து, வெறும் நீலத் திரையைப் பார்த்தான்.

"வேற எதாச்சும் எடுக்கணுமாண்ணே? சொல்லிருங்க. அம்புட்டையும் அழிச்சுட்டுத்தான் போடுவேன்."

பக்கத்தில் ஒரு பெண் பிரிண்ட் எடுக்கக் காத்திருந்தாள். ஒரு சீட்டைத் திறந்தாலே அவள் வாசித்துவிடுகிற தூரம். பையில் பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றேன்.

சாயங்காலம் வீட்டில் மிஷினை மாட்டினேன். வேகமாகத் திறந்தது. ஃபோட்டோக்கள் எல்லாம் வந்தன. மஞ்சள் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் போல ஒன்று இருந்தது. அழுத்தினேன். திறக்க முடியாது என்றது. பல தடவை அழுத்திவிட்டுப் பாண்டிராஜுக்கு ஃபோன் போட்டேன். எந்தச் சீட்டு என்று கேட்டான், பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"அண்ணே, நீங்க எடுத்தது சும்மா வழி காட்டுற பலகைண்ணே. சீட்டு பூராம் மிஷினுக்குள்ளதான் இருந்திருக்கு. அதனாலதான் அழிக்கிறதுக்கு முந்தி அழுத்துனப்போ திறந்துருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு வார்த்தை சொல்லிருந்தா ரெண்டு நிமிசத்துல எடுத்துக் குடுத்துருப்பேனேண்ணே."

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோனேன். மத்தியானம் வரை என்னென்னவோ செய்து பார்த்தான். யார் எழுதியது என்று அவன் கேட்டபோது சொன்னேன். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை, டீக்கும் போகவில்லை. பாதி அழிந்த சில ஃபோட்டோக்கள் கிடைத்தன. எழுத்து ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த நாள் காலை திவ்யா ஃபோன் செய்தாள். புதுசு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லாருக்கு என்று சொல்லி வைத்திருக்கலாம். என்னமோ முடியவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் வெட்கப்பட்டதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு எதாச்சும் எழுதிருந்தாங்களாப்பா?"

"இருந்துச்சும்மா. ஒன்பது சீட்டு. ஒரு வருசம் கழிச்சுக் காட்டச் சொன்னா."

"என்ன எழுதிருந்தாங்க?"

தைரியமாக இருக்க வேண்டும், வேலையை விடக் கூடாது, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்ததாகச் சொன்னேன். சொல்லும்போதே அது யாரும் யாருக்கும் எழுதக்கூடியதாக இருந்தது.

"அம்மா எழுதுனபடியே சொல்லுங்கப்பா. ஒரு சீட்டு போதும்."

கண்ணை மூடிக்கொண்டேன். சீட்டு தெரிந்தது. அதன் நிறம் தெரிந்தது, எத்தனை வரி என்பதும் தெரிந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. நான் சொல்லத் தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது.

"இது நீங்க பேசுறதுப்பா" என்றாள் திவ்யா. கோபமே இல்லை அந்தக் குரலில்.

அவள் ஃபோனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தச் சீட்டைக் கனகா எப்படித் தொடங்கியிருந்தாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொன்ன பதில்தான் நினைவுக்கு வந்தது. "சரி கனகா, அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லியிருந்தேன்.