சொத்தைக் கத்தரிக்காய்

சந்தையில் நல்ல கத்தரிக்காயைப் பொறுக்குகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் சொத்தையைப் பொறுக்கினேன். அதைத்தான் போடிச் சந்தையே வேடிக்கை பார்த்தது.

எண்பத்திரண்டாம் வருஷம். போடிக்கு மேலே மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரர் கன்னையனும் வேலை பார்த்தோம். எனக்குக் காய் பறிப்பு. அவருக்கு மருந்தடிப்பு. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டும். அந்த ஐப்பசியில் ஒருநாள் செடிகளுக்கு நடுவே வாயில் நுரை தள்ளி விழுந்துவிட்டார். ஜீப்பில் போட்டுப் போடிக்குக் கொண்டு வந்தோம். பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து சொம்பைப் பிடித்தால் கை நடுங்கும்.

"ஒடம்புல மருந்து ஏறிப்போச்சும்மா. இனி ஒரு சொட்டு ஏறக்கூடாது. வேற வேலை பாக்கச் சொல்லு" என்றார் டாக்டர்.

சொல்வது சுலபம். மருந்தடிக்கிறவர் என்றுதான் எஸ்டேட் லயத்தில் எங்களுக்கு வீடே கொடுத்திருந்தார்கள். வேலையை விட்டால் மூன்று பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். பதினைந்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு மறுபடியும் பம்பைத் தூக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். வேலையில் ஏறுகிற மருந்தை என்னால் தடுக்க முடியாது. சோற்றுத் தட்டில் ஏறுவதையாவது தடுப்பேன்.

ஏலத்துக்கு அடிக்கிற அதே மருந்தைத்தான் கீழ்நாட்டில் காய்கறிக்கும் அடித்தார்கள். அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து அந்த வாடை எனக்கு அத்துப்படி. பளபளவென்று இருக்கும் கத்தரிக்காயை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும். சொத்தைக் காயில் அந்த வாடை இல்லை. புழுவே உயிரோடு இருக்கிற காயைத் தின்றால் மனுஷன் சாக மாட்டான். இதற்கு என்ன படிப்பு வேண்டும்? அதோடு சொத்தையைக் கூறு கட்டிப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஜீப்புக் கூலி போக எங்களுக்குக் கட்டுபடியானதும் அதுதான்.

ராசிங்காபுரத்துப் பெரியகருப்பனிடம்தான் வாங்கினேன். சொந்தத் தோட்டத்துக் காயை ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தைக்குக் கொண்டு வருவார். பக்கத்தில் அவர் மனைவி ஒச்சம்மாள் உட்கார்ந்திருப்பாள்.

"மாட்டுக்கா தாயி?" என்று கேட்டார் முதல் வாரம்.

"மனுசருக்குத்தாண்ணே."

"அடப் பாவமே" என்று நல்ல காய் இரண்டைச் சும்மாவே என் பையில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டையும் எடுத்து அவர் குவியலிலேயே வைத்தேன்.

"எரக்கமெல்லாம் வேணாண்ணே. சொத்தையக் குடுங்க."

லயத்திலும் ஒரே கேலி. "புழுக்கொழம்பு வச்சுப் புருசனத் தேத்துறாளாம்ல!" என்று பொன்னுமணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிக்கட்டும் என்று விட்டேன். அவள் புருஷனும் பம்பு தூக்குகிறவர்தான். ஒருநாள் அவருக்கும் தலை சுற்றியது. அடுத்த ஞாயிறு நான் சந்தைக்குப் போகிற ஜீப்பில் பொன்னுமணியும் ஏறினாள். தை பிறப்பதற்குள் ஏழு பேர் ஆகிவிட்டோம். சந்தையில் சொத்தைக்குத் தட்டுப்பாடு வந்தது.

மாசியில் ஒரு ஞாயிறு. பெரியகருப்பன் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"வாங்காத்தா, வெரசா வாங்க. ஒங்களுக்குன்னே கொண்டாந்திருக்கேன். அம்புட்டும் சொத்தை!"

எட்டுக் கூறு. ஒவ்வொரு காயிலும் ஓர் ஓட்டை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். அதே மருந்து வாடை. அவர் கத்தியையே வாங்கி நறுக்கினேன். ஓட்டை ஓர் அங்குலம் நேராக உள்ளே போய் நின்றுவிட்டது. புழு இல்லை, எச்சம் இல்லை.

"எந்தப் புழுண்ணே இம்புட்டு நேராப் போகும்?"

"புழுவுக்கு நானா தாயி வழி சொல்லிக் குடுத்தேன்?" என்று சிரித்தார்.

இன்னொன்றை நறுக்கினேன். உள்ளே கருவேல முள்ளின் நுனி ஒடிந்து கிடந்தது. அதை எடுத்து அவர் தராசுத் தட்டில் வைத்தேன். அவர் சிரிப்பு நின்றது. என் பின்னால் ஆறு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏமாத்துனதக்கூட விடுங்கண்ணே. இந்தாங்க, ஒரு கடி கடிங்க."

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. வீம்புக்குக் காயை வாங்கி வாயருகே கொண்டு போனார். ஒச்சம்மாள் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"வேணாய்யா! நேத்துப் பொழுதுசாயத்தான மருந்தடிச்சோம்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒங்க புருசனுக்கு ஒரு கடி ஆகாது. எம்புருசன் மட்டும் ஒரு சட்டி திங்கணுமா மதினி?" என்றேன். "அப்ப நீங்க வீட்டுல என்னத்த ஆக்குறீக?"

அவள் தரையைப் பார்த்தே சொன்னாள். "கெணத்து மேட்டுல ரெண்டு பாத்தி இருக்கு. வீட்டுக்குன்னு. அதுக்கு மட்டும் அடிக்கிறதில்ல."

அதுவரை, பாவம், தெரியாமல் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"அடுத்த வாரம் அந்தப் பாத்திக் காயக் கொண்டாங்க."

"அது விக்கிறதுக்கில்ல தாயி. எங்களுக்கே காணாது" என்றார் பெரியகருப்பன்.

"அப்ப பாத்தியக் கூட்டுங்க. புழு விழுந்ததெல்லாம் நாங்க எடுத்துக்கிறோம். ஏழு வீடு இருக்கோம். முடியாதுன்னா இந்த முள்ள மலைக்குப் போற ஒவ்வொரு ஜீப்பா ஏறிக் காட்டுவேன்."

ஒச்சம்மாள்தான் தலையை ஆட்டினாள். அன்று ஏழு பேரும் காயில்லாமல் மலையேறினோம்.

சாயங்காலம் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு, நடந்ததை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஜெயித்துவிட்ட திமிரில்தான் சொன்னேன். அவர் நடுங்குகிற கையால் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, பெரிய விஷயமே இல்லாத மாதிரி சொன்னார்.

"இங்க மட்டும் என்ன? மொதலாளி பங்களாவுக்குப் பின்னால அவரைக்காய்ப் பந்தல் இருக்குல்ல. அந்தப் பக்கம் பம்பக் கொண்டு போகக்கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாக."

இத்தனை நாள் என் கோபம் போய்ச் சேர இடமில்லாமல் கிடந்தது. இப்போது இடம் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஏழு பேரும் வேலைக்குப் போகாமல் பங்களா கேட்டில் நின்றோம். சூப்பர்வைசர் ஓடி வந்து, "என்ன சோலி இங்க? கெளம்புங்க, கெளம்புங்க" என்று கத்தினார். முதலாளியே வெளியே வரும்வரை நாங்கள் அசையவில்லை. வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒடம்புக்கு முடியாதவுகளுக்குக் களைவெட்டு வேலை குடுங்க. வீட்டப் பறிக்கக் கூடாது" என்றேன். "இல்லன்னா, ஒங்க அவரைப் பந்தலுக்கும் சேத்து மருந்தடிக்கச் சொல்லுங்க."